குடி இருப்போர் கூட்டம்

கட்டிங் மாஸ்டர் என்ற பெயரை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். தையல் கடையில் அது தொழில். துணியை மேசைமேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரி வைப்பவர் அவர். தைப்பவர்கள் நாலு பேர், வெட்டுபவர் ஒருவர். கடைத்தெருக் கோடியில் இருந்த மதுக்கடையில் அது பட்டம். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு வருவது ஒரு கட்டிங். பங்குக்கு ஆள் தேடி வாசலில் நிற்கும் எவனிடமும் 'இல்லை' என்று சொல்லாத தயாள குணத்தால் அங்கேயும் அவர் மாஸ்டர் ஆனார். ஒன்றில் முப்பது வருஷ அனுபவம், மற்றதில் பதினெட்டு. இரண்டிலும் கை சுத்தம் என்று பெயர்.

அளவு என்ற சொல்லை அவரைப் போல நாளைக்கு நூறு தடவை சொன்னவர் யாரும் இருக்க முடியாது. தோள் அளவு, மார்பு அளவு, கை அளவு. அதே சூட்டில் வீட்டுக்கு வந்து, "நான் அளவாத்தான் குடிக்கிறேன். ஊருக்கே அளவு எடுக்கறவனுக்குத் தன் அளவு தெரியாதா?" என்பார். வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள்: "ரொம்ப அளக்காதீங்க." பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். சண்டை நின்றுபோன வீட்டை மாஸ்டர் சமாதானம் வந்த வீடு என்று நினைத்துக்கொண்டார். அது அவருடைய கணக்கற்ற தப்புகளில் ஒன்று.

காலையில் எழுந்தால் அவர் கை ஆடும். தேநீர்க் குவளை பற்களில் இடித்துத் தாளம் போடும். ஒன்பது மணிக்கு முன்னால் ஒரு கட்டிங் உள்ளே போனால் கை கல் மாதிரி நின்றுவிடும். இதிலிருந்து அவர் ஒரு சித்தாந்தமே உருவாக்கியிருந்தார். குடித்தால்தான் கை நிற்கிறது, கை நின்றால்தான் வேலை நடக்கிறது, வேலை நடந்தால்தான் வீடு நடக்கிறது. ஆகவே வீட்டுக்காகத்தான் குடிக்கிறேன். இந்த வாதத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, அவருடைய ஒரே மகள் சட்டம் படிக்கப் போனாள்.

கோட்டுக்குக் கை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஒன்று வலது, ஒன்று இடது என்று தானாக விழும். துணி குறைவாக இருந்து மடிக்க முடியாமல் ஒவ்வொன்றாக வெட்டும்போது, இரண்டாவதற்கு மாதிரி அட்டையைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் இரண்டும் ஒரே கையாக வரும். தொழில் பழகும் முதல் மாதத்தில் எல்லோரும் ஒருமுறை செய்யும் தப்பு இது. முப்பதாவது வருஷத்தில் மாஸ்டர் செய்தார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் கோட்டுக்கு இரண்டு இடது கைகள் பிறந்தன.

"கரண்ட் போயிடுச்சும்மா, இருட்டுல சரியாத் தெரியல" என்றார் மாஸ்டர்.

கடை முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்தாள். "பகல் பன்னெண்டு மணிக்குச் சூரியனுமா போயிடுச்சு?"

மேலாளர்தான் ஆச்சரியம். இந்த மாதிரி ஆட்கள் வழக்கமாகக் கடையை இரண்டாக்கிவிடுவார்கள். அவரோ அந்த இரண்டு கைகளையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "பரவாயில்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளியம்மா மாஸ்டரின் பெரிய கத்தரியை ஒரு பழைய துணியில் சுற்றி அவரிடமே நீட்டினாள். "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மாஸ்டர். கை நிக்கும்போது வாங்க."

"கை நிக்குதும்மா."

"குடிக்காம நிக்கும்போது."

அதே வாரம் மகள் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். படிப்பை முடித்தாகிவிட்டது, மூன்று வாரத்தில் வக்கீலாகப் பதிவு செய்யும் நாள். பொட்டலத்துக்குள் கருப்புத் துணி. மாஸ்டர் விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். நல்ல துணி, சுருங்காது, மடிப்பு நிற்கும். அவளுக்குத் தொட்டில் சட்டையிலிருந்து கல்லூரி உடுப்புவரை எல்லாமே அவர் கத்தரி பட்டதுதான். இந்தக் கோட்டை அவர் மனசுக்குள் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வெட்டி முடித்திருந்தார்.

"குடு, நாளைக்கே வெட்டிடறேன்."

மகள் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இல்லப்பா. இதுல நீ கை வைக்க வேணாம்."

மாஸ்டருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அப்ப யாரு வெட்டுவா? அந்த எதிர்க் கடைக்காரனா? அவன் வெட்டுன கோட்டப் போட்டா கூன் விழுந்த மாதிரி இருக்கும்."

"கூன் விழுந்தாலும் ரெண்டும் ரெண்டு கையா இருக்கும்ல." ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. அவள் ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தாள். "இந்த நம்பருக்குப் பேசு. குடிய நிறுத்துனவங்களும் நிறுத்த நினைக்கிறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கற கூட்டம். டாக்டர் இல்ல, பிரசங்கம் இல்ல. அங்க போயி நாலு பேர் முன்னாடி உண்மைய ஒத்துக்கணும். திங்கட்கிழமைக்குள்ள நடக்கலைன்னா துணி எதிர்க் கடைக்குப் போகும்."

"உண்மைதானே? இங்கயே ஒத்துக்கறேனே."

"இங்க நீ ஒத்துக்கிட்டதெல்லாம் தள்ளுபடி ஆயிடுச்சுப்பா."

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரியின் குரல் பல நாள் கழித்து வந்தது. "நாலு பேர் முன்னாடி குடிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு நாலு பேர் முன்னாடி சொல்றதுக்கு என்ன கேடு?"

மாஸ்டர் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு பேசினார். எதிர்முனையில் ஓர் ஆண் குரல், தொண்டையில் கரகரப்போடு, அவசரமே இல்லாமல் பேசியது. ஞாயிறு மாலை நாலு மணி. குடியிருப்பு வளாகத்துக்குப் பக்கத்தில் உள்ள பொதுக் கூடம்.

"எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஏழு பேர், எட்டு பேர். யாரும் பேர் கேக்க மாட்டாங்க. உள்ள பேசறது வெளிய போகாது."

"போர்டு ஏதாவது வெச்சிருப்பீங்களா?"

"சின்னதா ஒரு தாள் ஒட்டியிருப்போம். குடின்னு ஆரம்பிக்கும். அதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் முகம் மழித்து, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். குடியை விடும் கூட்டத்துக்குள் நுழையக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. தைரியம் கிடைக்கும் இடமாக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அளவோடுதான் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தார்.

கூடத்து வாசலில் பெரிய தாள் ஒட்டியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்தார். முதல் இரண்டு எழுத்து, குடி. கடைசியில், கூட்டம். நடுவில் உள்ளதையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். குடியிருப்போர் நலக் கூட்டம். ஊரில் எத்தனையோ பலகைகளில் பார்த்த சொல்தான். ஆனால் அன்றைக்கு அவர் மண்டைக்குள் அது இரண்டாகப் பிரிந்து விழுந்தது. குடி இருப்போர். என்ன ஒரு நாகரிகம் என்று மாஸ்டர் வியந்தார். குடிகாரன் என்று சொல்லவில்லை. சர்க்கரை இருப்போர், ரத்த அழுத்தம் இருப்போர் மாதிரி, குடி இருப்போர். அவர்களுடைய நலத்துக்கு ஒரு கூட்டம். இப்படி மரியாதையாக முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருக்கலாம்.

வாசலில் ஒரு பெண்மணி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் செயலாளர்.

"எத்தனை வருஷமா?" என்றாள் நிமிராமல்.

பெயர் கேட்கவில்லை, சொன்னபடிதான் நடக்கிறது. "பதினெட்டு வருஷம்மா."

"அம்மாடி, பழைய ஆள்தான் நீங்க. இத்தனை நாள் கூட்டத்துப் பக்கமே பாத்ததில்லையே. சொந்தந்தானே?"

"பெரும்பாலும் சொந்தந்தாம்மா. அடுத்தவங்க வாங்கிக் குடுக்கறது எப்பவாச்சுந்தான்."

அவள் 'சொந்தம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினாள்.

உள்ளே நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஏழெட்டுப் பேர் என்று சொன்னானே பாவி என்று மாஸ்டர் திகைத்தார். பிறகு முகங்களைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். வெள்ளை வெளேரென்று உடுத்தி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை முன்வரிசையில் இருக்கிறார். அந்தம்மாவுக்கு மாஸ்டர் பத்து வருஷமாக ரவிக்கை வெட்டுகிறார். ஒருநாளும் வாடை வந்ததில்லை. இவங்களுமா? மேடையில் தலைவர் நாற்காலியில் யார் என்று பார்த்தால், இரண்டு இடது கை வங்கி மேலாளர்! மாஸ்டர் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. ஊரே இப்படித்தான் இருக்கிறது, நாம் மட்டுமில்லை.

தலைமையாசிரியை முதலில் எழுந்தார். "நான் ஒளிவுமறைவில்லாம சொல்றேன். காலையில எழுந்ததும் தண்ணி இல்லைன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இந்த வயசுல என்னால தாங்க முடியல."

என்ன துணிச்சல் என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது. தண்ணி என்று எவ்வளவு சகஜமாகச் சொல்கிறார்!

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "டீச்சரம்மா சொல்றது நிஜம். நான் கிடைக்கும்போதே பிடிச்சுப் பாட்டில் பாட்டிலா ஒளிச்சு வெக்கிறேன். குளியலறையில, கட்டிலுக்கு அடியில. எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் சண்டையே தண்ணியாலதான்."

மாஸ்டர் தையல் மேசைக்கு அடியில், பழைய அட்டைப் பெட்டிக்குப் பின்னால் வைப்பார். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

"போன வாரம் மூணு நாள் தண்ணியே இல்ல" என்றாள் ஓர் இளம் பெண். "பைத்தியம் பிடிக்காத குறைதான். எங்க வீட்டுல பெரியவங்கள்லேருந்து ஒண்ணாப்பு படிக்கறது வரைக்கும் தண்ணிக்கு அடிச்சுக்கறோம்."

ஒண்ணாப்புமா என்று மாஸ்டர் நடுங்கிப் போனார். நம் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது தலைவர் கனைத்துக்கொண்டார். "ஆளாளுக்குக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. எல்லாத்துக்கும் ஒரே வழி, அளவு. ஆளுக்கு இத்தனைன்னு ஓர் அளவு வெச்சுக்குவோம். காலையில இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு. அளவோட இருந்தா ஒருத்தருக்கும் கஷ்டமில்லை."

கூட்டம் தலையாட்டியது. மாஸ்டரால் தாங்க முடியவில்லை. பதினெட்டு வருஷமாகத் தான் அளந்த அதே பொய்யை, பார்த்தால் நல்ல மனுஷராகத் தெரியும் ஒருவர் நாற்பது பேருக்கு விற்கிறார். தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"அளவெல்லாம் நடக்காதுங்கய்யா!"

நாற்பது தலைகள் திரும்பின.

"நான் முப்பது வருஷமா அளவு எடுக்கறவன். இங்க இருக்கற பாதிப் பேரு தோளு எனக்குத் தெரியும். நானும் அளவு வெச்சேன். காலையில ஒரு கட்டிங், அவ்வளவுதான்னு வெச்சேன். அப்புறம் மத்தியானத்துக்கு ஒண்ணு. அப்புறம் அளவு எங்க நின்னுதுன்னு எனக்கே தெரியல. பொண்டாட்டி கேட்டா அளந்தேன். முதலாளியம்மா கேட்டா அளந்தேன். அய்யா, உங்க கோட்டுக்கு ரெண்டு கையும் இடதா வெட்டுனேனே, கரண்டும் போகல ஒண்ணும் போகல. குடிச்சிருந்தேன். குடிக்காட்டி அதவிட மோசமா வெட்டியிருப்பேன். அந்த நிலைமைக்கு வந்துட்டேன். என் பொண்ணு அவ கோட்டுத் துணிய என் கையில குடுக்க மாட்டேங்கறா. என் கத்தரி படாம ஒரு துணி அவ உடம்புல ஏறுனதில்ல. அவ குடுக்காதது நியாயம். நான் குடிகாரன். எனக்கு அளவு தெரியாது. உங்க யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு அளவு மட்டும் வெக்காதீங்க."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடியபோது பையிலிருந்து அளவு நாடா வந்தது. அதில் துடைத்துக்கொண்டார்.

வெளியே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓட முயன்று முனகி நின்றது. செயலாளர் குனிந்து பக்கத்தில் கேட்டாள்: "இவர் எந்த பிளாக்கு?"

பிளாக்கு என்ற சொல் காதில் விழுந்ததும்தான் மாஸ்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு படம் தொங்கியது. மேல்நிலைத் தொட்டி, கீழ்நிலைத் தொட்டி, நடுவில் குழாய்கள், சிவப்பு மையில் வட்டமிட்ட ஓர் ஓட்டை. கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணி. தண்ணீர். குடி. குடியிருப்பு. ஒவ்வொன்றாகத் தையல் பிரிந்தது. பூமி பிளந்தால் குதித்துவிடலாம் என்று பார்த்தார். அது சிமெண்டுத் தரை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஓடியிருக்கலாம். தலைமையாசிரியை எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அன்றைய நிலவரத்தில் அது பெரிய தியாகம்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "நீங்க தேடி வந்தது இது இல்ல மாஸ்டர். அது பின்பக்கம், மாடியில. வாங்க, நான் காட்டறேன்." திரும்பி, "மிச்சத்தத் துணைத் தலைவர் பாத்துக்குவார்" என்றார்.

கட்டடத்தின் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டு. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள், குடியில் ஆரம்பித்து. மாஸ்டர் முன்னால் ஏறினார். பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏழாவது படி உடைஞ்சிருக்கு, பாத்து வைங்க."

உடைந்துதான் இருந்தது. மாஸ்டர் தாண்டினார். ஒன்பதாவது படியில் திரும்பிப் பார்த்தார். தலைவர் ஏழாவது படிக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தார். படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல எப்படின்னு எனக்கும் தெரியாது" என்றார். "எட்டு மாசமா கீழ கூட்டத்தயும் இது நடக்கற அதே நாலு மணிக்குத்தான் வெக்கிறேன். தலைவர் சீக்கிரம் வந்துட்டாருன்னு சொல்வாங்க. நான் வந்து இந்தப் படிவரைக்கும் ஏறிட்டு இறங்கிடுவேன்."

மாஸ்டருக்கு அன்றைக்கு அந்தக் கோட்டுக் கைகளைப் புரட்டிய விரல்கள் நினைவுக்கு வந்தன. அப்போது ஆடியது தன் கண்தான் என்று நினைத்திருந்தார். மாஸ்டர் கையை நீட்ட, மிச்சப் படிகளை இருவரும் சேர்ந்தே ஏறினார்கள்.

மேலே கதவு திறந்திருந்தது. எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறு பேர், ஒரு தட்டில் பிஸ்கட். கரகரக் குரல்காரர் கையில் தேநீர்க் கெண்டியோடு எழுந்து நின்றார். பார்த்தால் பேருந்து ஓட்டுநர் மாதிரி இருந்தார். பேருந்து ஓட்டுநராகவேதான் இருந்தார். "வாங்க, ரெண்டு பேரும் உட்காருங்க."

தலைவர் வாசலிலேயே நின்றார். "நான் இவருக்கு வழி காட்டத்தான் வந்தேன்."

ஆறு பேரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. "தெரியும் சார்" என்றார் ஓட்டுநர். "நாங்க எல்லாருமே முதல் நாள் யாருக்கோ வழி காட்டத்தான் வந்தோம். ரெண்டு நாற்காலி காலியா இருக்கு, பாருங்க."

தலைவர் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது ஒரு வாக்கியம் சொன்னார், அதுவும் பாதியில் நின்றது. மாஸ்டர் முறை வந்தபோது அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "நான் எல்லாத்தையும் கீழயே சொல்லிட்டேங்க" என்றார். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டுநருக்குத் தேநீர் புரை ஏறியது. பத்து வருஷமாகப் பெயர் கேட்காமல், வெளியே விடாமல், பொத்திப் பொத்தி நடத்தும் கூட்டம் அது. அதற்கு முதல்முறையாக ஒருவர் தன் ரகசியம் முழுவதையும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்திருக்கிறார்.

போகும்போது ஓட்டுநர் அவரைத் தனியே கூப்பிட்டார். "சட்டுனு நிறுத்துனா உடம்பு முறுக்கும். நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டரப் பாருங்க. நான் கூட வரேன். வீரம் காட்டாதீங்க."

வீட்டில் மகள் விசாரணைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"போனியா?"

"போனேன்."

"எத்தனை பேர் முன்னாடி சொன்ன?"

"நாப்பது பேர்."

"அப்பா, அளக்காத. எட்டு பேருக்கு மேல வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

"நாப்பது பேரும்மா. உங்க தலைமையாசிரியை இருந்தாங்க. தண்ணி குடுத்தாங்க. பேங்க்கு மேனேஜர்தான் தலைவர். பதிவேட்டுல கையெழுத்துகூடப் போட்டேன்."

சொல்லச் சொல்ல மாஸ்டருக்கே தெரிந்தது, தன் வாழ்நாளில் அவிழ்த்துவிட்ட பொய்களிலேயே இதுதான் மட்டமான பொய் மாதிரி இருக்கிறது என்று. பதினெட்டு வருஷமாக அவர் சொன்ன பொய்யெல்லாம் உண்மை மாதிரி நம்பப்பட்டது. முதல்முறை உண்மை சொன்னபோது, மகள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மாஸ்டர் வாக்குவாதம் செய்யவில்லை. அதுவும் புதுசாக இருந்ததால் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் அவர் டாக்டரிடம் போய் மாத்திரையோடு வந்தார். மகள் சாயங்காலம் எதிர்க் கடைக்குக் கிளம்பினாள். போகிற வழியில்தான் அந்தக் கூடம். பொய்யென்று உறுதி செய்துகொள்ளலாமே என்று வளாகத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். செயலாளர் சுறுசுறுப்பானவள், கூட்டக் குறிப்பு அன்றைக்கே ஒட்டப்பட்டிருந்தது.

'பொருள் நான்கு. தண்ணீர் அளவு நிர்ணயம். பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள தையற்கலைஞர் ஒருவர், அளவு வைப்பது எந்நிலையிலும் நடைமுறைக்கு ஒவ்வாது எனத் தம் சொந்த வாழ்க்கையை எடுத்துக்காட்டி உருக்கமாகப் பேசினார். கருத்து ஒருமனதாக ஏற்கப்பட்டது. வருகை: நாற்பத்திரண்டு.'

மகள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு அந்தப் பலகைக்கு முன்னாலேயே நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் அழுகையாகிவிட்டது. எழுத்துபூர்வமான சாட்சி, மறுக்க முடியாது. துணியோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

மாஸ்டர் ஒன்பது நாள் குடிக்கவில்லை. அதில் முதல் நாலு நாள் அவர் யாருக்கும் சொல்லிக்காட்ட விரும்பாத நாட்கள். வீட்டுக்காரி விடுப்புப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கோப்பு இல்லாமல். பத்தாம் நாள் காலை மகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கருப்புத் துணியைப் பிரித்து விரித்தாள். பக்கத்தில் அவருடைய பெரிய கத்தரியையும் சாக்பீஸையும் வைத்தாள்.

"அளவு எடுத்துக்கோப்பா."

எடுத்தார். தோள், மார்பு, கை. நாடா ஒத்துழைத்தது. சாக்பீஸை எடுத்து, துணியின் ஓரத்தில் தோள் கோட்டைப் போட்டார். கோடு நேராகக் கிளம்பியது. நாலு விரல் தூரம் போனதும் நடுங்க ஆரம்பித்தது. கருப்பில் வெள்ளை, நன்றாகவே தெரிந்தது.

சாக்பீஸ் சரியில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசை ஆடுது என்பதும் அதன் பின்னாலேயே வரிசையில் நின்றது. மதுக்கடையும் பக்கத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டிங் போட்டால் அந்தக் கோடு அம்பு மாதிரி ஓடும். மகள் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போடும் முதல் கோட்டு. மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"கை ஆடுதும்மா" என்றார். "எனக்கு இன்னும் கை நிக்கல. வெட்டுனா கெட்டுப் போகும். நாள் நெருங்கிடுச்சு, நீ எதிர்க் கடையிலயே குடுத்துடு. அவன் நல்லாத்தான் வெட்டுவான்."

நாற்பது பேர் முன்னால் சொன்னதைவிட இது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசி வாக்கியம்தான் ரொம்பக் கஷ்டம்.

மகள் துணியை மடித்தாள், நடுங்கிய கோடு உள்ளே போகும்படி, மெதுவாக. எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கத்தரியோடு சேர்த்துத் துணியை உள்ளே வைத்து மூடினாள்.

"பதிவு நாளுக்கு என் சீனியரோட பழைய கோட்ட இரவல் வாங்கிக்கறேன். இது இங்கயே இருக்கட்டும். உனக்கு எப்ப கை நிக்குதோ, அப்ப வெட்டு."

"எப்ப நிக்கும்னு தெரியலையேம்மா."

"தெரியலைன்னு சொல்றியே, அது போதும்" என்றாள் மகள். வாசல்வரை போனவள் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டினாள். "ஆனா ஒண்ணுப்பா. எனக்கு வலது கையும் இருக்கு. மறந்துடாத."